தருமபுரியிலிருந்து முதுமலை சஃபாரி: ஏற்பாட்டாளர் வழியாக ஒரு முறை, நாங்களாகவே ஒரு முறை

கடந்த அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் பாலக்கோட்டிலிருந்து நாங்கள் ஆறு பேர், தருமபுரி நகரில் உள்ள ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளரிடம் தலைக்கு 6,800 ரூபாய் கட்டி, நீலகிரி மாவட்டத்து முதுமலைப் புலிகள் காப்பகத்துக்கான ‘இரண்டு நாள் முதுமலை சஃபாரி’ என்ற பயணத்தில் சேர்ந்துகொண்டோம். அந்தப் பயணம் முடிந்து வீடு திரும்பிய பிறகும் ஏதோ ஒரு குறை மனத்தை உறுத்திக்கொண்டே இருந்ததால், பிப்ரவரி முதல் வாரத்தில் பேரனுக்குப் பள்ளியில் இரண்டு நாள் விடுப்பு கேட்டு வாங்கி, நானும் மனைவியும் அக்காவும் அவனுமாக அதே காட்டுக்கு எங்கள் சொந்த ஏற்பாட்டில் மறுபடியும் போய் வந்தோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த மதிப்பீடு இது. ஏற்பாட்டாளரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஏறத்தாழ அதே திட்டத்தை, அதே நேரக் கணக்கோடு விற்கும் வேறு மூன்று துண்டறிக்கைகள் என் மேசையில் கிடக்கும்போது ஒருவரை மட்டும் பிடித்து நிறுத்துவது நியாயமாகாது.

பயணத்துக்குப் பணம் கட்டிய அன்றே என் அக்கா ஒரு கேள்வி கேட்டார்: “நம்ம கொல்லையில ராத்திரி பட்டாசு போட்டுத் துரத்துற யானையைப் பாக்கவாடா இவ்வளவு காசு?” கேள்வி சரியானதுதான். ராகி கதிர் முற்றும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கர்நாடகத்துப் பன்னேர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி வழியாகத் தளி, தேன்கனிக்கோட்டை, ஒசூர், ராயக்கோட்டைப் பகுதிகளுக்கு யானைக் கூட்டங்கள் இறங்கி வருவது தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய எங்கள் இரு மாவட்டங்களிலும் ஆண்டுதோறும் நடப்பது. பாலக்கோடு, மாரண்டஅள்ளிப் பக்கமும் அவை வந்து போகும். என் தகப்பனார் கதிர் அறுக்கும் வரை பரண் மேல் படுத்திருந்தவர். ஆனால் அக்காவின் கேள்விக்கு விடை அந்தப் பரணிலேயே இருப்பதாக எனக்குத் தோன்றியது. நாங்கள் பார்த்த யானை எல்லாம் ஓடுகிற யானை. வெளிச்சத்துக்கும் வெடிச் சத்தத்துக்கும் மிரண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு இருட்டுக்குள் போகிற யானை. யாரும் துரத்தாத ஒரு யானை, பகல் வெளிச்சத்தில், தன் பாட்டுக்குப் புல்லைப் பிடுங்கி முன்னங்காலில் தட்டி மண்ணை உதிர்த்துவிட்டுத் தின்பதை அறுபத்து நான்கு வயது வரை நான் பார்த்ததில்லை. நான் பணம் கட்டியது அதற்காகவே என்பதால், இந்த மதிப்பீட்டையும் அந்த அளவுகோலை வைத்தே எழுதுகிறேன்.

ஏற்பாட்டாளர் கொடுத்த நிரல் தாளில் பயணம் இப்படி அமைந்திருந்தது: வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தருமபுரியில் புறப்பாடு, சனிக்கிழமை விடியலில் மேட்டுப்பாளையம், பகல் முழுவதும் ஊட்டியில் பூங்கா, படகு இல்லம், தேயிலைத் தொழிற்சாலை, மாலையில் மசினகுடி, இரவு ‘ஜீப் சஃபாரி’, ஞாயிறு காலை உணவுக்குப் பிறகு முதுமலைக் காட்டுக்குள் இருக்கும் தெப்பக்காட்டில் வனத்துறையின் வாகனச் சவாரி, மதியம் திரும்புதல். சஃபாரி என்று பெயர் வைத்த பயணத்தில் முப்பத்தாறு மணி நேரத்துக்கும் மேலாகச் சுற்றிவிட்டு, காட்டுக்கென்று ஒதுக்கியிருந்தது ஒரே ஒரு மணி நேரம் என்பதையும், அந்த ஒரு மணி நேரமும் நாளின் மிக மோசமான பொழுதில் விழுந்திருக்கிறது என்பதையும் தாளைக் கையில் வாங்கியபோதே நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. படகு இல்லம் என்றதும் பேரன் குதித்த குதியில் அது மறைந்துபோனது.

முதல் இடறல் மேட்டுப்பாளையத்தைத் தாண்டியவுடன் கல்லாறு சோதனைச் சாவடியில் வந்தது. சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளிமாவட்ட வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. நாளொன்றுக்கு இத்தனை வாகனங்கள்தான் என்ற வரம்பும் பின்னர் விதிக்கப்பட்டது. எங்கள் டெம்போ டிராவலருக்கு இ-பாஸ் எடுத்திருந்தார்கள், ஆனால் கடைசி நேரத்தில் வண்டியை மாற்றிய ஏற்பாட்டாளர் பாஸில் பதிவெண்ணை மாற்ற மறந்திருந்தார். விடியற்குளிரில் ஓட்டுநர் கைப்பேசியோடு போராடிப் புதிய பாஸ் எடுத்து முடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. அதே இடத்தில், வண்டியில் ஏற்றியிருந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கட்டுகளையும் இறக்கி வைக்க வேண்டியிருந்தது. நீலகிரியில் அவற்றுக்குத் தடை இருப்பது பல ஆண்டுகளாகத் தெரிந்த சங்கதி. பயணம் ஏற்பாடு செய்வதே தொழிலாகக் கொண்டவர் அதை மறப்பது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்திருந்த அக்கா மட்டுமே அன்று காலை தாகமில்லாமல் இருந்தார்.

இரண்டாவது இடறல் இதைவிடப் பெரியது. நிரல் தாளில் ‘ஊட்டி – மசினகுடி 30 கி.மீ., ஒரு மணி நேரம்’ என்று அச்சிட்டிருந்தார்கள். தூரம் சரிதான், அது 36 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட கல்லட்டி மலைப்பாதையின் தூரம். தொடர்ந்து விபத்துகள் நடந்ததை அடுத்து, வெளியூர் வாகனங்களை அந்தப் பாதையில் கீழே இறங்க விடுவதில்லை. ஆகவே பைக்காரா, நடுவட்டம், கூடலூர் என்று சுற்றி, சுமார் 75 கிலோமீட்டர் பயணம் செய்து, இரவு எட்டு மணிக்கு மேல் மசினகுடி சேர்ந்தோம். காட்டுச் சாலையில் மாலை ஐந்து மணிக்குப் போயிருந்தால் இருபுறமும் ஏதாவது தென்பட்டிருக்கும். அந்தப் பொழுதை நடுவட்டத்து வளைவுகளில் வாந்தி எடுத்த குழந்தைகளோடு கழித்தோம்.

இரவு உணவு முடிந்ததும் நிரலில் இருந்த ‘ஜீப் சஃபாரி’ தொடங்கியது. தனியார் ஜீப் ஒன்றில் எங்களை ஏற்றி, மசினகுடியிலிருந்து மோயாறு ஊருக்குச் செல்லும் பொதுச்சாலையில் மெதுவாக ஓட்டியபடி, கையில் பிடித்த பெரிய விளக்கைப் புதர்களுக்குள் அடித்துக்கொண்டே சென்றார்கள். இருபது நிமிடத்தில் இரண்டு புள்ளிமான்களின் கண்கள் பளபளத்தன. பிறகு எதிரே வந்த வனத்துறை ரோந்து வண்டி எங்களை நிறுத்தி, இரவில் இப்படி விளக்கடித்துச் சுற்றுவது குற்றம் என்று எச்சரித்துத் திருப்பி அனுப்பியது. முதுமலையில் சுற்றுலாப் பயணிகளுக்கான சவாரி வனத்துறையின் ஏற்பாட்டில், பகலில் மட்டுமே நடப்பது. மசினகுடியில் தனியார் ஜீப்காரர்கள் சஃபாரி என்று சொல்லி ஏற்றிச் செல்வதற்கு அனுமதி கிடையாது. திரும்பும் வழியில் யாரும் பேசவில்லை. எங்கள் ஊரில் பயிரைக் காக்க வேறு வழியில்லாமல் செய்கிற அதே காரியத்தை, யானையின் சொந்த வீட்டுக்குள் போய், காசு கொடுத்துச் செய்திருக்கிறோம் என்ற வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை. இந்த ஒரு உருப்படிக்காகவே ஏற்பாட்டாளருக்கு ஐந்துக்கு ஒன்றரைக்கு மேல் மதிப்பெண் தர என் கை வரவில்லை.

தங்குமிடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சீகூர்ப் பீடபூமி என்று சொல்லப்படும் இந்தப் பகுதி மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டையும் கிழக்குப் பக்கக் காட்டையும் இணைக்கும் யானை வழித்தடம். அந்த வழித்தடத்தில் கட்டப்பட்ட விடுதிகளை அகற்றச் சொன்ன சென்னை உயர்நீதிமன்றத்தின் 2011ஆம் ஆண்டுத் தீர்ப்பை 2020 அக்டோபரில் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. அதற்கு முன்பே, 2018இல், பல விடுதிகளுக்குச் சீல் வைக்கப்பட்டது. எனவே மசினகுடியில் அறை எடுக்கும் எவரும் அந்த விடுதிக்கு உரிமம் இருக்கிறதா என்று கேட்பது சம்பிரதாயக் கேள்வியாகாது. எங்களைத் தங்கவைத்த இடத்தில் ரசீது கேட்டபோது, ஏற்பாட்டாளரிடம் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள்; ஏற்பாட்டாளரிடம் கேட்டபோது, விடுதியில் வாங்கியிருக்க வேண்டும் என்றார். உணவு சுமார், போர்வை ஈரம்.

ஞாயிறு காலை தெப்பக்காட்டு வரவேற்பு மையத்துக்கு நாங்கள் சென்று சேர்ந்தபோது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. ஏற்பாட்டாளர் இணையத்தில் முன்பதிவு செய்திருக்கவில்லை; நேரில் சென்று சீட்டு வாங்கிக்கொள்ளலாம் என்பது அவருடைய கணக்கு. விடுமுறை ஞாயிறன்று அந்தக் கணக்கு எப்படிப் பலிக்கும்? வரிசையில் நின்று, காத்திருந்து, ஒருவழியாக வனத்துறைச் சிற்றுந்தில் ஏறியபோது வெயில் சுள்ளென்று இறங்கியிருந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரச் சவாரியில் புள்ளிமான் கூட்டங்கள், மயில்கள், சாம்பல் மந்திகள், வெகு தொலைவில் ஒரு காட்டுமாட்டின் முதுகு. யானை இல்லை. எங்களோடு ஏறிய ஒரு குழுவினர் கைப்பேசியில் பாட்டு வைத்திருந்ததையும், வழிகாட்டி மூன்று முறை சொன்ன பிறகே நிறுத்தியதையும் இங்கே பதிவு செய்கிறேன். காட்டில் பேச்சைக் குறைத்தாலே பார்க்கக் கிடைப்பது இரண்டு பங்காகும் என்பதைப் பரண் காவல் இருந்தவர்கள் எல்லாம் அறிவார்கள்.

அன்று யானை கிடைக்காததற்கு வனத்துறையோ வழிகாட்டியோ பொறுப்பாக முடியாது. முதுமலை 1940இல் சரணாலயமாகத் தொடங்கி, அதன் ஒரு பகுதி 1990இல் தேசியப் பூங்காவாகி, 2007இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு. உட்பகுதி மட்டும் 321 சதுர கிலோமீட்டர், வெளிவட்டத்தையும் சேர்த்தால் 688 சதுர கிலோமீட்டருக்கு மேல். சிற்றுந்து போகும் தடம் அதில் ஒரு நூலிழை அளவுதான். விலங்குகள் அந்த நூலிழைக்கு அருகில் வருவது விடியலை ஒட்டியும் அந்தி சாயும் போதும். வெயில் ஏறியபின் அவை நிழலுக்கும் மூங்கில் புதருக்கும் ஒதுங்கிவிடும். இதோடு பருவமும் சேர்ந்துகொள்கிறது. இரண்டு பருவமழைகளும் தொடும் காடு என்பதால் மார்கழி வரையிலும் புல் ஆளுயரம் நிற்கிறது. உண்ணிச்செடி சாலையோரத்தைச் சுவர் போல அடைத்திருக்கிறது. பத்தடிக்கு அப்பால் யானையே நின்றாலும் தெரியாது. தை பிறந்து புல் காயத் தொடங்கிய பிறகு, தண்ணீர் இருக்கும் இடங்கள் குறைந்து, விலங்குகள் ஓடைக்கரைகளிலும் குட்டைகளிலும் கூடுகின்றன. மேலும் தாமதித்தால் வேறொரு சிக்கல்: வறட்சி முற்றிக் காட்டுத்தீ அபாயம் மிகுந்தால் சவாரியையே சில நாட்கள் நிறுத்திவைப்பது உண்டு. ஆகவே தை மாதத்துக்கும் மாசித் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட வார நாட்களே எங்களைப் போன்றவர்களுக்கு ஏற்றவை என்பது என் முடிவு. பள்ளி விடுமுறையை ஒட்டித் திட்டம் போடுகிற வரைக்கும் நாம் பார்க்கப்போவது வரிசையில் முன்னால் நிற்பவரின் முதுகைத்தான்.

இரண்டாம் பயணத்தை இந்த முடிவின் மேல் கட்டினேன். முதலில் செய்தது, புலிகள் காப்பகத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் ஒரு மாலைச் சவாரிக்கும் மறுநாள் காலை முதல் சவாரிக்கும் இடம் பிடித்தது. கட்டணம் அவ்வப்போது மாறுவதால் அதை நான் இங்கே எழுதவில்லை. தளத்தில் காண்பதே சரி. தெப்பக்காடு, கார்குடி, மசினகுடி ஆகிய இடங்களில் வனத்துறையின் ஓய்வு விடுதிகள் இருக்கின்றன. அங்கு அறை கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை, விடியலில் எழுந்து சற்று நேரத்திலேயே வரவேற்பு மையத்துக்கு வந்துவிடலாம். எங்களுக்குக் கிடைக்கவில்லை. கூடலூரில் ஒரு சாதாரண விடுதியில் தங்கினோம், மறுநாள் காலை ஐந்தரை மணிக்கே புறப்பட வேண்டியிருந்தது. சவாரி நேரத்தை முதலில் உறுதி செய்துவிட்டு, அதற்குப் பிறகு அறை, அதற்குப் பிறகு வண்டி என்ற வரிசையில் போனதால் எல்லாம் தானாக அமைந்தன. ஏற்பாட்டாளர்கள் வண்டியில் தொடங்கிச் சவாரியில் முடிக்கிறார்கள். கோளாறு முழுவதும் அந்த வரிசையில்தான் இருக்கிறது.

வழியையும் மாற்றினோம். தருமபுரியிலிருந்து தொப்பூர், மேச்சேரி, மேட்டூர், கொளத்தூர் சென்று, பாலாற்றில் கர்நாடக எல்லையைக் கடந்து, மாதேசுவரன் மலை, கொள்ளேகால், சாமராஜநகர், குண்டல்பேட்டை வழியாகப் பந்திப்பூர் காட்டைக் கடந்து தெப்பக்காட்டுக்கு வந்தோம். ஊட்டி மலைப்பாதையின் நெரிசல் முழுவதும் மிச்சம். மாதேசுவரனைக் கும்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அக்கா பிடிவாதம் பிடித்ததில் ஒரு மணி நேரம் கழிந்தது. அதைக் குறையாகச் சொல்ல எனக்குத் துணிவில்லை. இந்த வழியில் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: பந்திப்பூர் காட்டுச் சாலை 2009 முதல் இரவு ஒன்பது மணியிலிருந்து காலை ஆறு மணி வரை வாகனங்களுக்கு மூடப்படுகிறது. ஒசூரிலிருந்து பெங்களூரு, மைசூரு வழியாக வருபவர்களுக்கும் இதே கட்டுப்பாடு பொருந்தும். எங்கள் மாவட்டத்து வழக்கப்படி இரவு முழுவதும் ஓட்டி விடியலில் இறங்கலாம் என்று நினைப்பவர்கள் சோதனைச் சாவடியில் வண்டிக்குள்ளேயே தூங்க வேண்டியிருக்கும். மாலைச் சவாரிக்கு வருவதானால் தருமபுரியில் அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்புவதே சரியான கணக்கு. நாங்கள் பதினைந்து நிமிடம் தாமதித்ததற்கே தொப்பூர் கணவாயில் லாரிகளின் பின்னால் அரை மணி நேரம் ஊர்ந்தோம்.

மாலைச் சவாரியில் எங்களோடு வந்த வழிகாட்டி அதிகம் பேசாதவர். வண்டி ஓரிடத்தில் நின்றதும் கையை உயர்த்தி, காதைச் சுட்டிக் காட்டினார். எங்கோ ஒரு புள்ளிமான் விட்டு விட்டுக் கூவியது. மரத்தின் மேலிருந்து ஒரு மந்தி இருமுவது போலக் குரல் கொடுத்தது. புலியோ சிறுத்தையோ நடக்கிறது என்பதற்கு இரண்டும் சேர்ந்த சாட்சி என்று பிறகு விளக்கினார். ஏழு நிமிடம் காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. ஆனால் அந்த ஏழு நிமிடத்தில் என் பேரன் காட்டைக் கேட்கக் கற்றுக்கொண்டான் என்றே சொல்வேன். அடுத்த நாள் காலையில் எங்களுக்கு முன்பே அவன் கையை உயர்த்தினான். தமிழ்நாட்டில் 2018 கணக்கெடுப்பில் 264ஆக இருந்த புலிகள் 2022இல் 306ஆக உயர்ந்திருக்கின்றன. அப்படியிருந்தும் இரண்டு பயணங்களிலும் எங்களுக்குப் புலி கிடைக்கவில்லை. ‘புலி நிச்சயம்’ என்று துண்டறிக்கையில் அச்சிடுபவர்கள் எந்தப் புலியிடம் கையெழுத்து வாங்கினார்களோ தெரியவில்லை.

நான் தேடி வந்தது சவாரியின் கடைசிக் கால் மணி நேரத்தில் கிடைத்தது. ஓடை திரும்பும் இடத்தில் நான்கு பெண் யானைகளும் இரண்டு குட்டிகளும் நின்றிருந்தன. வண்டியின் எஞ்சினை அணைத்தார்கள். பெரியது ஒன்று எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, பொருட்படுத்தத் தக்கது ஏதுமில்லை என்பது போலத் திரும்பிக்கொண்டது. அதற்குப் பிறகு அவை தின்றன, நின்றன, ஒரு குட்டி மற்றொன்றை முட்டித் தள்ளியது. அவ்வளவுதான். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “இது இப்படித்தான் இருக்குமா?” என்று மெல்லக் கேட்டார். எழுபது வயதில், யானையைக் கண்டு எழுந்து ஓடாமல் உட்கார்ந்திருந்தது அவருக்கு அதுவே முதல் முறை.

மறுநாள் காலை முதல் சவாரியில் செந்நாய்க் கூட்டம் ஒன்று சாலையைக் கடந்தது. எட்டு வரை எண்ணினேன். கடமான் ஒன்றும், மரக்கிளையில் ஒரு மலை அணிலும் தென்பட்டன. ஒன்பது மணிக்குள் நாங்கள் எல்லாம் முடித்து வெளியே வந்தபோது, வரவேற்பு மையத்தின் முன்னே அன்றைய கூட்டம் சேரத் தொடங்கியிருந்தது.

தெப்பக்காட்டு யானைகள் முகாமைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் ஏற்பாட்டாளரின் நிரலில் அது இல்லவே இல்லை. மோயாற்றங்கரையில் நூறாண்டுக்கும் மேலாக இருந்துவரும் முகாம் இது. காலையும் மாலையும் குறிப்பிட்ட நேரத்தில் வளர்ப்பு யானைகளுக்கு உணவு கொடுப்பதைப் பார்வையாளர்கள் சற்றுத் தள்ளி நின்று பார்க்கலாம். ராகியும் கொள்ளும் வேகவைத்துப் பிசைந்து, வெல்லமும் உப்பும் சேர்த்து, பாகனும் காவடி எனப்படும் அவருடைய உதவியாளரும் உருட்டி உருட்டி யானையின் வாயில் வைக்கிறார்கள். ராகி உருண்டையைக் கண்டதும் என் மனைவி சிரித்துவிட்டார். எங்கள் வீட்டில் மதியம் உருட்டும் களிக்கும் அதற்கும் அளவில் மட்டுமே வேறுபாடு. தேன்கனிக்கோட்டையில் கதிரைத் தேடி வந்து அடி வாங்கும் யானைக்கும் இங்கே வாய் திறந்து நிற்கும் யானைக்கும் பிடித்தது ஒரே தானியம்தான். இந்த முகாமுக்கும் எங்கள் மாவட்டத்துக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்து இரண்டு குட்டிகள் மட்டும் தப்பின. அதே மாதம் தருமபுரி மாவட்டத்தில் கிணற்றில் விழுந்து மீட்கப்பட்ட வேறொரு குட்டியைத் தாயோடு சேர்க்க முடியாமல், வளர்ப்பதற்காக இங்கே கொண்டுவந்தார்கள். சில நாட்களிலேயே அது இறந்துபோனது. பாகன் ஒருவரிடம் நாங்கள் தருமபுரிக்காரர்கள் என்று சொன்னதும் அவர் முதலில் பேசியது அந்தக் குட்டியைப் பற்றித்தான். அந்தப் பேச்சுக்காகவே முகாமுக்கு முழுதாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள் என்பேன்.

சிறு குழந்தைகளோடு ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டியவர்கள், குறிப்பாகக் கிருஷ்ணகிரி, ஒசூர் பக்கத்தில் இருப்பவர்கள், முதுமலையை விட்டுவிட்டுப் பன்னேர்கட்டாவுக்குப் போவது பொருத்தம். ஒசூரிலிருந்து ஆனேக்கல், ஜிகனி வழியாக எளிதில் சென்றுவிடலாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை. அங்கே சஃபாரி நடப்பது தேசியப் பூங்காவிலிருந்து 2002இல் பிரித்து அமைக்கப்பட்ட உயிரியல் பூங்காவில்; கம்பி வலை போட்ட பேருந்தில் ஏறி, வேலியிட்ட பரந்த அடைப்புகளுக்குள் வாழும் சிங்கம், புலி, கரடியைப் பார்க்கலாம்; 2024இல் சிறுத்தைக்கென்று தனி சஃபாரியும் தொடங்கினார்கள். பார்த்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு அது நாணயமான ஏற்பாடு, ஏனெனில் அங்கே யாரும் அதைத் திறந்த காடு என்று சொல்லி விற்பதில்லை. என் பேரனுக்கு ஐந்து வயதில் அதுவே போதுமானதாக இருந்தது. முதுமலைக்குக் குழந்தையை அழைத்துச் செல்வதானால், ஒரு மணி நேரம் வாய்மூடி உட்காரும் வயது வந்திருக்க வேண்டும்.

ஏற்பாட்டாளர் வழியாகவே போக விரும்புபவர்கள் பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: வனத்துறைச் சவாரிக்கு எந்த நாள், எந்த நேரத்துக்கு முன்பதிவு செய்திருக்கிறீர்கள், அந்தச் சீட்டைக் காட்டுங்கள். சீட்டு இருந்தால் மற்றவற்றைப் பேசலாம். ‘அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம், ஏனெனில் வண்டியும் அறையும் சாப்பாடும் நாமே பார்த்துக்கொள்ளக் கூடியவை; விடியற்காலைச் சவாரியில் ஓர் இருக்கை என்பதற்கு மட்டுமே இன்னொருவருக்குக் கூலி கொடுப்பது தகும். ‘ஜீப் சஃபாரி’, ‘இரவு சஃபாரி’ என்ற சொற்கள் நிரலில் இருந்தால் அதை அடித்துவிட்டு அதற்கான தொகையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் பயணத்தில் எங்கள் காருக்கு எரிபொருள், இரண்டு இரவு அறை, இரண்டு சவாரி, உணவு என நான்கு பேருக்கும் சேர்த்துத் தலைக்கு 5,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகவே ஆனது. முதல் பயணத்தின் ஏற்பாட்டாளருக்கு இரவு ஜீப் விவகாரத்தை விரிவாக எழுதி அனுப்பினேன். பத்து நாள் கழித்து அழைத்து, தலைக்கு 500 ரூபாய் திருப்பித் தருவதாகச் சொன்னார், தந்தும்விட்டார். அடுத்த முறை வந்தால் புலி நிச்சயம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

அவரிடம் நான் மறுபடியும் போவேன், ஆனால் வண்டிக்கு மட்டும். அந்த டெம்போ டிராவலரை ஓட்டியவர் அஞ்செட்டிப் பக்கத்துக்காரர். காட்டுச் சாலையில் முப்பதைத் தாண்டி ஓட்டவில்லை, ஒரு முறைகூட ஒலிப்பான் அடிக்கவில்லை. சாலையோரம் ஏதோ அசைகிறது, நிறுத்துங்கள், படம் எடுக்க வேண்டும் என்று பின் இருக்கையில் இருந்தவர்கள் கூச்சலிட்டபோது, எங்கள் ஊரில் நாங்கள் யானைக்கு வழி விட்டுப் பழகியவர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தாமல் ஓட்டினார். அவர் வருவதாக இருந்தால், வண்டி வாடகை கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் கூடுதலானாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.